கரிசலில் சிக்கிய குட்டி வண்டி!

குருவிகுளம் எங்கே இருக்கிறது, தெரியுமா?

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. முன்பு திருநெல்வேலி மாவட்டம். 2019-ம் ஆண்டில் மாவட்டத்தைப் பிரித்தபோது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அந்த மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மழை பெய்தால் பசை. செருப்பு போட்டுக்கொண்டு நடந்தால், பத்தடி போவதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி கனம் ஆகிவிடும். வெயில் அடித்தால் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விடலாம்.

அந்த மண்ணில் ஒரு மோட்டார் வண்டி சிக்கிக்கொண்டது. அதை ஓட்டியவனுக்கு வயது 14. அவன் வண்டிக்குள் இல்லை. 30 அடி தள்ளி, வேப்பமரத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தான்!

ஆம். அது ரேடியோ மூலம் ஓடும் குட்டி வண்டி. "பக்கி" என்று பெயர். நீளம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். எடை மூன்றரை கிலோ. உள்ளே மின்சார மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன. பையன் கையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு சிறிய சக்கரம். அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். துப்பாக்கி விசை போல ஒன்று; அதை அழுத்தினால் வண்டி பறக்கும்.

ஆனால், அன்று பறக்கவில்லை.

பையன் வேறு யாருமல்ல. என் அக்காள் மகன். தீபாவளிக்கு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் நல்ல மழை. வரப்பு ஓரத்தில் வண்டியின் முன்பக்க இடது சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. விசையை அழுத்தினால் அந்த ஒரு சக்கரம் மட்டும் 'கிர்'ரென்று சுற்றியது. மற்ற மூன்றும் தரையில்தான் இருந்தன. ஆனால் அசையவில்லை!

அக்காளுக்கு ஆத்திரம். "பதினெட்டாயிரம் ரூவா! அந்தக் காசுக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கி விட்டிருக்கலாம்" என்றாள்.

பையன் பதில் பேசவில்லை. கண் கலங்கியது. விஷயம் என்னவென்றால், வண்டியை வாங்க மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பியவர் அவன் அப்பா. பொங்கலுக்கு ஊர் வரப்போகிறார். "நம்ம காட்டுல ஓட்டிக் காட்டணும்டே" என்று போனில் சொல்லியிருக்கிறார். அது பழைய வண்டி. ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. விற்றவரைக் கேட்டால், "அது அப்படித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் டிராக்டர் அண்ணாச்சி வந்தார்.

அவர் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர். வயது 60 இருக்கும். குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம்தான்.

"என்னடே, இதுக்கு டிபரன்சியல் லாக்கு கிடையாதா?" என்று கேட்டார்.

கடையாணி சொல்லும் கதை

டிபரன்சியல் என்றால் என்ன? பஸ், கார், லாரி, டிராக்டர் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்கு அது என்ன செய்கிறது என்று தெரியாது. கல்லூரியில் படித்தும் எனக்கே அன்றுதான் சரியாகப் புரிந்தது.

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சு சுழலாது. சக்கரம் மட்டும் அச்சைச் சுற்றிச் சுழலும். கழன்று விழாமல் கடையாணி காக்கும். இடது சக்கரம் ஒரு வேகத்தில் போகலாம். வலது சக்கரம் வேறு வேகத்தில் போகலாம். ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இல்லை.

இதனால் என்ன லாபம்? வண்டி திரும்பும்போது தெரியும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 5 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட 31 அடி அதிகமாக ஓட வேண்டும்! சின்ன வட்டமானாலும், ஊரைச் சுற்றும் பெரிய வட்டமானாலும் வித்தியாசம் அதே 31 அடிதான். பையனின் பக்கியில் சக்கரங்களுக்கு நடுவே 26 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 163 சென்டிமீட்டர் வித்தியாசம்.

மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது. ஆகவே சக்கரங்கள் தம் இஷ்டத்துக்குச் சுழலலாம். மோட்டார் வண்டியில் அப்படி முடியாது. அங்கே சக்கரத்தையே எந்திரம் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கி மாட்டிச் சுழற்றினால், திருப்பத்தில் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும். டயர் தேயும். வண்டி திரும்ப மறுக்கும்.

இரண்டு சக்கரங்களுக்கும் பலம் போக வேண்டும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். முடியுமா?

முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் பாரிஸ் நகரத்துக் கடிகாரக்காரர். பெயர் பெக்குவர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, நீராவி வண்டிக்காக இந்தப் பல்சக்கர ஏற்பாட்டை அமைத்து உரிமை பதிவு செய்துகொண்டார். அப்போது பெட்ரோல் கார் பிறக்கவே இல்லை!

கப்பியும் இரண்டு கற்களும்

பல்சக்கரங்களைப் பற்றி எழுதினால் தலை சுற்றும். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு வழி சொல்கிறேன்.

கிணற்றுக் கப்பி ஒன்றை எடுத்துத் தரையில் படுக்க வையுங்கள். அதில் ஒரு கயிற்றைக் கோத்து, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு கல்லைக் கட்டுங்கள். இப்போது கப்பியைப் பிடித்து இழுங்கள். இரண்டு கல்லும் ஒரே கனமானால் இரண்டும் சேர்ந்து வரும். ஒரு கல் சற்று முந்தினால், மற்றது சற்றுப் பிந்தும். கயிறு கப்பியில் ஓடி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இதுதான் டிபரன்சியல். கப்பி இருக்கும் இடத்தில் சிறு பல்சக்கரங்கள். கற்கள் இருக்கும் இடத்தில் வண்டிச் சக்கரங்கள்.

சரி, ஒரு பக்கம் பெரிய கல்லும், மறுபக்கம் சுண்டைக்காய் அளவுக் கல்லும் கட்டினால்?

சின்னக் கல் மட்டும் ஓடி வரும். பெரிய கல் இருந்த இடத்திலேயே இருக்கும்!

அந்தரத்தில் தொங்கிய சக்கரம்தான் அந்தச் சின்னக் கல். அதற்குத் தரையின் பிடி இல்லை. எளிதாகச் சுற்றும். மோட்டாரின் ஓட்டம் எல்லாம் அதற்கே போய்விடும். சேற்றில் சிக்கிய பஸ்ஸின் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

டிராக்டரில் இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, அண்ணாச்சி கேட்ட லாக். காலால் ஒரு மிதியை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். கப்பியில் கயிறு ஓடாமல் முடிச்சுப் போட்டது போல. சேற்றைத் தாண்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். பூட்டியபடியே திருப்பினால் வண்டி திரும்பாது, பல்சக்கரம் உடையும்.

இன்னொன்று பிரேக். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்தால், பலம் அடுத்த சக்கரத்துக்குப் போகும். தேர் திரும்பும்போது ஒரு பக்கம் முட்டுக்கட்டை போடுகிறார்கள் அல்லவா? சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துபோய் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் சுழன்று கவிழ்ந்துவிடும். இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் முகம் மாறியது. "எத்தன பேரு போயிட்டாக" என்றார். மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று அல்ல, மூன்று!

பக்கிக்கு வருவோம். இந்தக் குட்டி வண்டியில் டிபரன்சியல் ஒன்று அல்ல, மூன்று! முன் சக்கரங்களுக்கு நடுவே ஒன்று. பின் சக்கரங்களுக்கு நடுவே ஒன்று. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பலத்தைப் பங்கு போட நடுவில் ஒன்று.

அப்படியானால் பூட்டு?

பூட்டு இல்லை. அதற்குப் பதிலாக எண்ணெய்! தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கூட்டுக்குள் பல்சக்கரங்கள் கெட்டியான சிலிக்கான் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். கப்பியில் பிசின் தடவியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். சின்னக் கல் தலைதெறிக்க ஓடிவிட முடியாது. அது தயங்கும்போது பெரிய கல்லும் நகரும்.

எண்ணெயின் கெட்டியை எண் போட்டு விற்கிறார்கள். 3,000, 5,000, 7,000 என்று புட்டியில் எழுதியிருக்கும். எண் ஏறினால் கெட்டி ஏறும். ஒப்பிட வேண்டுமானால், தண்ணீருக்கு எண் ஏறக்குறைய 1. நம் விளக்கெண்ணெய்க்கு, குளிர்ந்த இடத்தில், 1,000-ஐ ஒட்டி வரும்.

இதைக் கேட்டதும் பையன் ஆச்சியின் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுக்க ஓடினான்! நல்ல வேளை, பிடித்து நிறுத்தினோம். விளக்கெண்ணெய் வெயிலில் இளகிவிடும். நாள்பட்டால் பிசுக்காகி ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் எண்ணெய் சூட்டுக்கு அவ்வளவாக இளகாது. அதனால்தான் அந்த விலை.

வண்டியைக் கழற்றினோம். திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, திருகாணிகளை வரிசையாக அடுக்கினார் அண்ணாச்சி. முன் டிபரன்சியலைத் திறந்தால் உள்ளே எண்ணெயே இல்லை! நடு டிபரன்சியலில் சொட்டு மட்டும் இருந்தது. எப்படிப் போயிற்று?

பையன் மெல்லச் சொன்னான்: "மாமா, போன மாசம் நான் ஒரு தடவ கழத்திப் பாத்தேன். உள்ள ஒரு காயிதம் கிழிஞ்சு வந்துச்சு. தூரப் போட்டுட்டேன்."

அதுதான் பேக்கிங்! மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் தடுக்கும் மெல்லிய தாள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியின் மேல் பழி சொல்லியிருக்கிறோம்.

அண்ணாச்சி திட்டவில்லை. வீட்டுக்குப் போய், மீதம் வைத்திருந்த டிராக்டர் பேக்கிங் தாளைக் கொண்டு வந்தார். மூடியைத் தாளின் மேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தரித்தார். எண்ணெய் சென்னையிலிருந்து பார்சலில் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று.

எவ்வளவு ஊற்றுவது? உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி மூழ்கும் அளவு. விளிம்பு வரை ஊற்றக் கூடாது. சூட்டில் எண்ணெய் பெருகும். இடம் இல்லாவிட்டால் கசிந்து வெளியேறும்.

எந்த எண்? இங்கேதான் யோசனை வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்கு முன் 5,000, நடு 5,000, பின் 3,000 என்று தொடங்குவது வழக்கம். 'அப்படியானால் எல்லாவற்றிலும் மிகக் கெட்டியாக ஊற்றிவிட்டால் எங்கும் சிக்காதே?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சிக்காது, ஆனால் திரும்பாது! முன்பக்கம் மிகக் கெட்டியானால் விசையை விட்டுத் திருப்பத்துக்குள் நுழையும்போது வண்டி நேராகவே போகப் பார்க்கும். நடுவில் மிக இளகலானால் முன் சக்கரங்கள் தூக்கியதும் பலமெல்லாம் அங்கே வீணாகும். பின்பக்கம் கெட்டியானால் வழுக்கும் தரையில் வால் சுழன்று வண்டி திரும்பி நிற்கும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். கரிசலை நினைத்து, முன்னும் நடுவும் 7,000, பின்னால் 3,000 என்று முடிவு செய்தோம்.

துள்ளும் வண்டி

இத்துடன் கதை முடியவில்லை. வண்டி சிக்குவது நின்றது. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் தவளை போலத் துள்ளிக் குப்புற விழுந்தது!

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஷாக் அப்சார்பர். ஆக மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங். அதன் நடுவே எண்ணெய் நிரம்பிய சிறு குழாய். குழாய்க்குள் துளை போட்ட வில்லை ஒன்று மேலும் கீழும் போய்வரும்.

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் கொடுக்கிறது. சக்கரம் தரையை விடாமல் இருந்தால்தானே பிடி? ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு முறை அமுக்கிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது எண்ணெய். வில்லையின் துளை வழியாக எண்ணெய் நுழைந்துதான் போக வேண்டும். அந்தத் தாமதம் ஆட்டத்தைக் கொன்றுவிடும். தேய்ந்த ஷாக் அப்சார்பர் உள்ள மினி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். வண்டியை ஒரு சாண் உயரம் தூக்கி, தட்டையாகக் கீழே விடுங்கள். 'சொத்'தென்று விழுந்து அப்படியே அமர வேண்டும். மறுபடி துள்ளினால் எண்ணெய் இளகல், அல்லது குறைவு. அடிவயிறு தரையில் ஓங்கி அறைந்தால் ஸ்பிரிங் மென்மை. பிடித்து அமுக்கி விட்டால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி எழ வேண்டும்.

எங்கள் வண்டி மூன்று முறை துள்ளியது. பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் காற்றுக் குமிழி. எண்ணெயை மாற்றினோம். டிபரன்சியல் எண்ணெய் அல்ல. இது வேறு, வெகு இளகலானது. 400, 500 என்ற எண்தான். ஊற்றிய பிறகு, வில்லையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு மூடினால் குமிழி உள்ளே தங்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு, குளிர்நாட்டுப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ஒரு படி கெட்டியாக ஊற்றுவது நல்லது.

ஷாக் அப்சார்பரின் கால் மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று துளைகள் இருந்தன. சக்கரத்தை ஒட்டிய துளையில் மாட்டினால் வண்டி விறைப்பாக நிற்கும். உள்பக்கத் துளையில் மாட்டினால் இளகிக் கொடுக்கும். கரடுமுரடான இடத்துக்கு உள்பக்கம் நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது என்றார் அண்ணாச்சி. ஒன்றை மாற்று, ஓட்டு, நோட்டில் எழுது. பிறகு அடுத்தது. எஸ்.எஸ்.எல்.சி.கூட முடிக்காத மனிதர்! எங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நிலவில் ஓடிய வண்டி

இது பணக்காரர்களின் விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். ஒரு விதத்தில் உண்மைதான். ஜப்பானில் டாமியா கம்பெனி 1979-ல் 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்ற மணல் வண்டியை விற்கத் தொடங்கியது. 1985-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உலகப் போட்டியே நடந்தது. இன்று ஊரெங்கும் ஓடுகின்றன. விலை இன்னும் குறைந்தபாடில்லை.

ஆனால் ரேடியோவால் மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுவது விளையாட்டு மட்டும்தானா?

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கி ஓடிய 'பிரக்யான்' வண்டியின் எடை 26 கிலோ. ஆறு சக்கரங்கள். அதுவும் ரேடியோ கட்டளையால் ஓடிய வண்டிதான்! நிலவு மண்ணைப் போன்ற மண்ணில் சோதிக்க வேண்டும் என்றபோது, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைதான் கைகொடுத்தது. அந்தப் பாறையைப் பொடியாக்கித்தான் சோதனை நடத்தினார்கள்.

பிரக்யானில் ஸ்பிரிங் கிடையாது. வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். துள்ளினால் அல்லவா அடக்க வேண்டும்! மடங்கும் கைகள் போன்ற கம்பிகள் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து ஆறு சக்கரங்களையும் தரையில் வைத்தன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். ஒன்று அந்தரத்தில் சுற்றினாலும் மற்றதன் பலத்தைத் திருட முடியாது.

வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பது போல அதைப் பார்க்க முடியாது. நிலவு சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தூரம். கட்டளை போய்ச் சேரவே ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகும். படம் வர வேண்டும். பாதை பார்க்க வேண்டும். பிறகு கட்டளை அனுப்ப வேண்டும். ஆகஸ்டு 27-ந் தேதி வண்டிக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. "திரும்பி வா" என்று கட்டளை போயிற்று. வந்த வழியே திரும்பிவிட்டது. மொத்தம் 100 மீட்டர் தூரத்துக்குச் சற்று அதிகமாக ஓடியது.

பெற்றோர் கவனிக்க

இந்தப் பக்கி பொம்மை அல்ல. சில வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் போகும். மூன்றரை கிலோ எடை அந்த வேகத்தில் குழந்தையின் காலில் மோதினால் எலும்பு முறியும். ரோட்டிலோ, ஆட்கள் நடக்கும் இடத்திலோ ஓட்ட விடாதீர்கள்.

அதைவிட முக்கியம் பேட்டரி. லித்தியம் பேட்டரி உப்பிப்போனால், மறுபடி சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும். நல்ல பேட்டரியானாலும், அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. வைக்கோல், துணி, படுக்கை அருகே வைக்கவே கூடாது. அக்காள் வீட்டில் இப்போது ஒரு பழைய மண்சட்டிக்குள் வைத்து, முற்றத்தில், யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் போடுகிறார்கள்.

பொங்கல் அன்று

அத்தான் பொங்கலுக்கு முதல் நாள் வந்தார். மறுநாள் மாலை காட்டுக்குப் போனோம். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அண்ணாச்சி டிராக்டரை வரப்பில் நிறுத்திவிட்டு வந்தார்.

பையனின் கை நடுங்கியது. வண்டி கிளம்பியது. அதே வரப்பு, அதே பள்ளம். முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு, மற்ற மூன்று சக்கரங்களும் மண்ணைப் பிடித்து உந்த, வண்டி பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கொண்டா, நானும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கேன்" என்று கையை நீட்டியவள் யார் தெரியுமா? ஆட்டுக்குட்டி வாங்கச் சொன்ன அக்காள்தான்! விசையை முழுவதும் அழுத்தினாள். வண்டி நேராகப் போய்க் கண்மாய்ச் சேற்றுக்குள் கழுத்துவரை இறங்கிவிட்டது.

மறுநாள் காலை, திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, மூன்று டிபரன்சியல்களையும் மறுபடி கழற்றினோம். இந்தத் தடவை பேக்கிங் தாளை எடுத்துப் பத்திரமாகத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் பையன்.